சபை வீட்டைச் சீதனம் கொடுத்தோம்

"பாக்கியம் ஆரு?"

மாநகர சபையிலிருந்து வந்த மிஸ், பத்தொன்பதாம் இலக்க வீட்டு வாசலில் நின்று கேட்டார். கையில் பெரிய போன். அதை விரலால் தள்ளித் தள்ளிப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணி இருக்கும். முதல் நாள் பெய்த மழையில் முற்றம் சதசதவென்று கிடந்தது. வாவிப் பக்கமிருந்து சேற்று மணம் வந்தது. வீட்டுக்குள்ளே வெங்காயம் வதங்கும் மணம்.

நான் மிஸ்ஸுக்குப் பின்னால் நின்றேன். இடுப்பில் செருகியிருந்த திறப்புக் கோர்வையில் சாவிகள் கிலுங்கின. நான் அசையவில்லை, என் கால்தான் நடுங்கியது. கையால் கோர்வையை அமத்திப் பிடித்தேன்.

பாக்கியம் அந்த வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவளை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான். மிஸ்ஸுக்கு அது தெரிந்தால் வீட்டுக்குப் பூட்டு விழும். உள்ளே வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தது பாக்கியத்தின் மகள் விஜி. ஏழு மாத வயிறு.

"அம்மா, ஆரு எண்டு கேட்டன்" என்று மிஸ் என் பக்கம் திரும்பினார்.

வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். நாங்கள் செய்த வேலையை முதலில் சொல்லாவிட்டால் என் நடுக்கம் உங்களுக்கு விளங்காது.

நாற்பத்திரண்டு கதவுகள்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு எங்கள் குடியிருப்பைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. கல்லடிப் பக்கம், வாவிக்கரையை ஒட்டிச் சபை கட்டிய நாற்பத்திரண்டு வீடுகள். தெருக் கூட்டுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், இருந்த இடத்தை விட்டு ஓடி வந்தவர்கள் என்று பல பேர். வீடு சபையுடையது. இருக்கிறவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் யார் பெயரோ அவர் இருக்கலாம்.

நான் முன்பு சபையில் கூட்டும் வேலை செய்தவள். முதுகு வளையாமல் போன பிறகு என்னைக் குடியிருப்புக்குப் பொறுப்பாக வைத்தார்கள். எனக்கென்று ஒன்றாம் இலக்க வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் மறு திறப்பு என்னிடம் இருக்கும். தண்ணீர் டாங்கி ஒழுகினால், கழிவுநீர்க் கான் அடைத்தால், கூரை ஓடு பறந்தால் நான் சபைக்குப் போய்ச் சொல்வேன். குடித்துவிட்டு அடிக்கிறவனை வாசலில் நின்று ஏசுவேன். வயதாளிகள் தனியாக இருக்கும் வீட்டில் காலையில் ஒரு தரம் கதவைத் தட்டி, உள்ளே சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போவேன்.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான். மூன்றாம் வகுப்போடு சரி. இலக்கம் தெரியும், என் பெயர் எழுதத் தெரியும், பேருந்துப் பலகை வாசிப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வளவுப் பள்ளிக்கூட ரீச்சர்தான் எழுதித் தருகிறார். ஆனால் நாற்பத்திரண்டு கதவும் திறக்கும் சத்தம் தனித்தனியாக எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் இது ஏழு, இது இருபத்தெட்டு என்று சொல்வேன். சபையில் படித்த ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராலும் அது முடியாது.

இப்படி ஒரு பெருமை எனக்கு இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தியது.

வட்டாவில் வைத்த திறப்பு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். தாய் தகப்பன் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண்பிள்ளை பிறந்த அன்றைக்கே தாய் வீடு கட்டக் கல் எண்ணத் தொடங்குவாள்.

பாக்கியம் கணவனை இழந்தவள். மீன் வாடியில் கருவாடு காயவைத்து மகளை வளர்த்தாள். அவளுக்கு வளவு இல்லை, கல் இல்லை. இருந்தது பத்தொன்பதாம் இலக்க வீடு மட்டும். அதில் இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி.

சித்தாண்டியிலிருந்து விஜிக்குச் சம்பந்தம் வந்தது. பையன் சசிகரன், மேசன் வேலை. தாய் பூரணம், வட்டையில் வயல் செய்கிற குடும்பம். நல்ல ஆட்கள். பேச்சு நடக்கும் நாளில் அவர்கள் பக்கம் ஐந்து பேர் வந்து பாயில் இருந்தார்கள். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் பூரணம் நேராகக் கேட்டாள்.

"எல்லாம் சரி. வீடு எப்பிடி?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. கரையிலே தூக்கிப் போட்ட மீன் பார்க்குமே, அப்படி.

நான் சொன்னேன்: "இந்த வீடுதான். பாக்கியம் இவ்வளவு காலம் இரிந்த வீடு. இனி மகளுக்கு."

"சபை வீடெண்டு சொல்றாங்களே."

"கட்டினது சபைதான். பொறுப்பு நான். நான் சொல்றன், வீடு புள்ளைக்குத்தான்."

சொல்லும்போது எனக்கு அது பொய் போலவே இல்லை. பாக்கியத்தைவிட அந்த வீட்டுக்கு யார் உரித்து? சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தவள் அவள். வெள்ளம் வந்தபோது வாசலில் மண் மூடை அடுக்கியவள் அவள். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு இடத்தில், அட்டையை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. சபையில் கூட்டம் வைத்து ஒரு தரம் இல்லை, மூன்று தரம் சொல்லியிருக்கிறார்கள். விற்க ஏலாது, கொடுக்க ஏலாது, வளவுக்குள் கொட்டில் போட ஏலாது.

கலியாணத்தன்று நான் என் கோர்வையிலிருந்து பத்தொன்பதாம் திறப்பைக் கழற்றினேன். வெற்றிலை வட்டாவில், பாக்குக்கும் பழத்துக்கும் நடுவில் வைத்து, பூரணத்தின் கையில் கொடுத்தேன். மேளம் அடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாக்கியத்துக்கு என்னால் ஒரு வீடு கொடுக்க முடிந்தது என்று நினைத்தேன்.

பம்ப் அறை

வீட்டைக் கொடுத்தாயிற்று. பாக்கியம் எங்கே போவாள்?

சொந்த வளவென்றால் பின்னால் கொட்டில் போடலாம். இங்கே ஏலாது. புது மாப்பிள்ளை இருக்கும் வீட்டில், அடுத்த அறையில் மாமி படுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதுவும் கொடுத்த வீட்டுக்குள் திரும்பப் போய்ப் படுப்பதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

"தங்கச்சி வீட்ட போறன் எண்டு சொல்லிட்டுப் போறன்கா" என்றாள் பாக்கியம்.

"உனக்கு ஏது தங்கச்சி?"

"அது மாப்புளைக்குத் தெரியாதுதானே."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புத்தான் பிழை.

டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் இருக்கும் அறை, குடியிருப்பின் கடைசியில், கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறப்பு என்னிடம். பெயின்ற் வாளிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஒரு பாய் போட இடம் செய்து கொடுத்தேன். ஒரு கயிறு கட்டி இரண்டு சேலையைத் தொங்கவிட்டாள். விடியவே எழும்பி வாடிக்குப் போய்விடுவாள். மாலையில் என் குசினியில் சாப்பிட்டுவிட்டு, சுற்றுப்பாதையால் போய் உள்ளே நுழைவாள். மகள் வீட்டுக்குக் கிழமைக்கு ஒரு தரம் விருந்தாளி போலப் போவாள். மாப்பிள்ளை, "மாமி, தங்கச்சியாக்கள் சுகமா?" என்று கேட்பார். "ஓம் மனே, சுகம்" என்பாள்.

இப்படி ஒரு வருடத்துக்குக் கிட்டப் போனது. விஜிக்குத் தெரியும். குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

பூட்டு விழுந்த வீடு

பிறகுதான் சபைக்கு இந்த மிஸ் வந்தார். கெட்ட ஆள் என்று சொல்ல மாட்டேன். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருப்பார், யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார். ஆனால் பட்டியலைக் கையில் எடுத்தால் பட்டியல்தான். வீடில்லாமல் எத்தனையோ குடும்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது, அட்டைக்காரர் இல்லாத வீட்டை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அதில் நான் என்ன பிழை சொல்ல?

முதலில் அடுத்த வரிசையில் முப்பத்தோராம் வீடு. அந்த வீட்டுக்காரர் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை. அங்கேயே தங்கிவிட்டு எப்போதாவது வருவார். வீட்டில் அவருடைய மச்சாள் குடும்பம் இருந்தது. மிஸ் இரண்டு தரம் வந்து பார்த்தார். மூன்றாம் தரம் பூட்டோடு வந்தார்.

பூட்டுப் போடும்போது பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் நின்றேன். பானை சட்டி, தையல் மெசின், ஒரு பிளாஸ்ரிக் கதிரை, சாமிப் படம், எல்லாம் முற்றத்துக்கு வந்தன. அந்தப் பெண் அழவில்லை. அடுப்பில் அரைவாசி வெந்த சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நான் மூன்று வீடு இழந்தவள். ஒன்று காற்றுக்கு, ஒன்று சண்டைக்கு, ஒன்று கடலுக்கு. வாகரைப் பக்கம் பிறந்து, ஓடி ஓடி இங்கே வந்து நின்றவள். அதனால் ஒரு சொல் கேட்டால் எனக்கு உடம்பு சில்லிடும்: சாமானை வெளியே எடு. அந்தச் சொல்லை யார் சொன்னாலும், என்ன குரலில் சொன்னாலும், என் வயிறு முதலில் கேட்டுவிடும்.

அந்த முறை அதைச் சொன்ன ஆளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். என் இடுப்பில் திறப்புக் கோர்வை.

பத்தொன்பதாம் வாசல்

அடுத்த திங்கள் எங்கள் வரிசை என்று தெரிந்தது. பாக்கியமும் நானும் ஒரு யோசனை செய்தோம். மாப்பிள்ளை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். மிஸ் வருவது ஒன்பது மணிக்கு. நடுவில் பாக்கியம் வீட்டுக்குள் போய்க் குசினியில் நிற்க வேண்டும். கேட்டால், "நான்தான் பாக்கியம், இது மகள், மருமகன் வேலைக்குப் போயிட்டார்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"எனக்குப் பயமாக் கிடக்குகா" என்றாள்.

"உன்ட பேரத்தானே சொல்லப் போறாய். அதுக்கென்ன பயம்?"

எனக்கு அவளைவிடப் பயம். அதைக் காட்டினால் அவள் விழுந்துவிடுவாள்.

திங்கள் காலை சசிகரனுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. விஜி எனக்குப் போன் எடுத்து மெதுவாகச் சொன்னாள். அதற்குள் மிஸ் குடியிருப்பின் படலைக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். மருமகனுக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல ஏலாமல் பாக்கியம் பம்ப் அறையிலேயே நின்றுவிட்டாள்.

ஒன்றாம் வீட்டிலிருந்து பதினெட்டு வரைக்கும் நான் மிஸ்ஸோடு நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நேரத்தைப் பிடிக்கப் பார்த்தேன். இந்தக் கானைப் பாருங்க மிஸ், இந்தச் சுவர் வெடிப்பைப் பாருங்க மிஸ் என்று காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்தார், படம் எடுத்தார், அடுத்த வாசலுக்கு நடந்தார்.

இப்போது தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். பாக்கியம் ஆரு என்று மிஸ் கேட்கிறார். என் நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

கதவு திறந்தது. சசிகரன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"பாக்கியம் என்ட மாமி, மிஸ். அவ இஞ்ச இல்ல. தங்கச்சி வீட்ட இரிக்கிறா."

"அப்ப நீங்க?"

"இது எங்கட வீடு. கலியாணத்துக்குத் தந்தது."

"ஆரு தந்தது?"

அவர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "இந்த அக்காதான் வட்டாவில வச்சுத் திறப்புத் தந்தவ."

மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. விளங்கவில்லை என்பது போல ஒரு பார்வை. உள்ளே வெங்காயம் கரிந்த மணம் வந்தது. விஜி அடுப்பைப் பார்க்கவில்லை.

"அம்மா, சபை வீட்டை நீங்க சீதனமாக் குடுத்தீங்களா?"

"ஓம்" என்றேன். வேறு சொல் வரவில்லை.

"அட்டைக்காரி எங்க?"

நான் கையை நீட்டிக் கண்டல் பக்கம் காட்டினேன்.

அவர் பார்த்தது

நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். சசிகரன் காய்ச்சலோடு போர்வை இழுபட வந்தார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அறைக் கதவு வழமை போல அந்த அதிர்வில் ஆடிக்கொண்டிருந்தது. தள்ளியதும், வாளிகளுக்கும் சுவருக்கும் நடுவில் பாக்கியம் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். மருமகனைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பம்ப் சத்தத்தில் எந்தப் பேச்சும் கேட்காது.

மிஸ் படம் எடுக்கப் போனைத் தூக்கினார். பிறகு இறக்கிவிட்டார். வெளியே வந்து, சத்தம் கேட்காத தூரத்துக்கு எங்களை நடத்திக்கொண்டு போய்ச் சொன்னார்.

"பதினைஞ்சு நாள் தாறன். அட்டைக்காரி வீட்டுக்குள்ள இரிக்கோணும். மகளும் மருமகனும் அவவோட இரிக்கிற குடும்பம் எண்டு பதியலாம், அதுக்கு இடமிரிக்கு. வீடு அவங்களுக்குச் சொந்தம் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. வரக்குள்ள இப்பிடியே கிடந்தா நான் பூட்டத்தான் வேணும்."

"என்ட விசயம் மிஸ்?"

"அதையும் எழுதத்தான் வேணும் அம்மா."

சசிகரன் வீட்டுக்குப் போய், ஒரு பையில் உடுப்பை வைத்துச் சைக்கிளின் பின்னால் கட்டினார். விஜி கையைப் பிடித்தாள். மெதுவாக விலக்கிவிட்டுப் போனார். அந்தக் காய்ச்சலோடு சித்தாண்டி வரைக்கும் மிதித்திருக்கிறார்.

ஐந்து நாள் ஒரு செய்தியும் இல்லை. விஜி போன் எடுத்தால் அவர் எடுப்பதில்லை. பாக்கியத்தை வீட்டுக்குப் போ என்றேன். "மாப்புள வராம நான் அந்த வாசல மிதிக்க மாட்டன். நான் போய்ப் படுத்தா, குடுத்ததத் திருப்பி எடுத்தாள் எண்டு ஆகும். மறுகா அவர் வரவே மாட்டார்" என்றாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பாக்கியம் போனால் மகளுக்கு மாப்பிள்ளை இல்லை, போகாவிட்டால் வீடு இல்லை.

ஆறாம் நாள் நான் சித்தாண்டிக்குப் பேருந்து ஏறினேன்.

பூரணம்

பூரணம் முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் காலை நிறுத்தவில்லை.

"வாங்க. திறப்புத் தந்த ஆள்."

"ஓம். நான்தான்."

"இரிங்க எண்டு சொல்ல மாட்டன்."

"நானும் இரிக்க வரல்ல."

முற்றத்துக்கு அப்பால் ஓட்டு வீடு. அதில் வேறு ஒரு பெண் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பூரணத்தின் மகளாம். பூரணம் இருப்பது பின்னால் உள்ள கிடுகுக் கொட்டிலில். அவளும் வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவள்தான். அதைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. இவளுக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வழியில்லாமல் செய்தோம் என்றேன். அவள் நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நின்றாள்.

"வீடு இல்லயெண்டு சொல்லியிருந்தா நான் வேணாமெண்டிருப்பன் எண்டு நினைச்சீங்க."

"ஓம்."

"சொல்லியிருப்பன்தான்" என்றாள். "அது என்ட விருப்பம். என்ட விருப்பத்த என்னட்டக் கேட்டிரிக்கோணும். ஊரக் கூட்டி, மேளம் அடிச்சு, என்ட கையில பொய்யத் தந்தீங்க. நான் அத எல்லாருக்கும் காட்டிக்கொண்டு வந்தன். இப்ப என்ட அண்ணன் கேட்கிறார், வீடு எங்க போச்சு எண்டு. நான் என்ன சொல்ல?"

அவள் மறுபடியும் நெல்லைத் துழாவத் தொடங்கினாள்.

"அண்டைக்குப் பாயில இரிந்த அஞ்சு பேரும் பின்னேரம் வருவாங்க. அவங்களுக்கு முன்னால நீங்களே சொல்லுங்க. பாக்கியத்தக் கூப்புடாதீங்க. அவ தாய். நீங்க சொல்லுங்க."

தெரிந்தா, தெரியாமலா

நான் யாருக்கும் முன்னால் தலை குனிந்தவள் இல்லை. கணவன் போன பிறகும், அகதி முகாமில் வரிசையில் நின்ற போதும், தெருக் கூட்டிய காலத்திலும் குனியவில்லை. பின்னேரம் வரைக்கும் பூரணத்தின் மாமர நிழலில் நின்றேன். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். பேருந்து இரண்டு போனது. இரண்டு தரமும் கால் எழும்பியது.

அவர்கள் வந்தார்கள். பாய் போட்டார்கள். சசிகரன் வந்து தாய்க்குப் பின்னால் நின்றார். முகம் வாடியிருந்தது. என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றபடி சொன்னேன். வீடு சபையுடையது என்றேன். அது பாக்கியத்துக்குக்கூடச் சொந்தமில்லை, நான் கொடுத்த திறப்புக்குப் பெறுமதி இல்லை என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூரணத்தின் அண்ணன் வெள்ளை மீசைக்காரர். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"புள்ள, இதத் தெரிஞ்சு சொன்னியா, தெரியாமச் சொன்னியா?"

அவர் எனக்கு வழி திறந்துவிட்டார் என்று விளங்கியது. தெரியாமல் என்று ஒரு சொல் போதும். படிக்காத மனுசி, சபைச் சட்டம் அவளுக்கு எங்கே விளங்கப் போகிறது என்று விட்டுவிடுவார்கள். பாவம் என்றும் சொல்வார்கள். ஐந்து பேரும் அந்தச் சொல்லுக்காகத்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அது ஏலவில்லை. பொய்க்காரி என்று சொன்னாலும் தாங்குவேன். ஒன்றும் விளங்காதவள் என்று என்னை நானே சொல்ல ஏலாது.

"தெரிஞ்சுதான் சொன்னன்" என்றேன்.

முற்றத்தில் கோழி ஒன்று நெல்லில் வாய் வைத்தது. அதை விரட்டக்கூட யாரும் எழும்பவில்லை. பிறகு மீசைக்காரர் பூரணத்தைப் பார்த்தார், பூரணம் மகனைப் பார்த்தாள்.

"நீ சொல்லு மனே. உன்ட குடும்பம்."

சசிகரன் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்தப் பம்ப் எத்தின மணிக்குப் போடுவாங்க?"

"விடிய நாலரைக்கு. பத்து மணிக்கு ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா."

"ஒரு வருசமா?"

"ஓம்."

"நான் அவவிட்ட ஒவ்வொரு கிழமையும் தங்கச்சியாக்கள் சுகமா எண்டு கேட்டிரிக்கிறன்" என்றார். போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனார்.

"காய்ச்சலோட மிதிக்காத. அக்காவோட பஸ்ஸில போ" என்றாள் பூரணம். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தேத்தண்ணி தர மாட்டன். இன்னும் மனம் வரல்ல" என்றாள்.

நான் அதற்கும் தலையாட்டினேன்.

பிறகு

அன்றைக்கே சசிகரன் பம்ப் அறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டினார். பாக்கியம் வர மறுத்தாள். "நீங்க வராட்டி நானும் இஞ்ச படுக்கிறன் மாமி. வாளியைத் தள்ளினா இடமிரிக்கு" என்றார். அவள் எழுந்து நடந்தாள். குசினிப் பக்க அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு கதவு இல்லாததால் அவரே பலகை வாங்கி அடித்தார்.

மிஸ் சொன்ன நாளில் வந்தார். பாக்கியம் வாசலில் நின்று, தன் பெயரைத் தானே சொன்னாள். கீழே விஜியின் பெயரும் சசிகரன் பெயரும் ஏறின.

எனக்குச் சபையிலிருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். ஒருவரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை. என் சாமான் முற்றத்துக்கு எந்த ஒழுங்கில் வரும் என்று நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் விஜியிடம் கொடுத்தேன். கடும் எச்சரிக்கை, இன்னொரு தரம் நடந்தால் வேலையும் வீடும் போகும் என்று வாசித்தாள்.

விஜிக்குப் பிள்ளை பிறந்தது. பெரியாஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். பூரணம் எனக்கு முன்பே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். மடியில் பிள்ளை. பாக்கியம் சுடுதண்ணிப் போத்தலோடு நின்றாள். என்னைக் கண்டதும் பூரணம் தள்ளி இருந்து இடம் கொடுத்தாள். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள்.

"என்ன புள்ள?" என்று கேட்டேன்.

"பொம்புளப் புள்ள" என்றாள் பூரணம். பிள்ளையை என் மடிக்கு மாற்றினாள். சின்னப் பாரம். வாய் திறந்து கொட்டாவி விட்டது.

"இப்ப சொல்லுங்க அக்கா. இவளுக்கு எந்த வீடு?"

சசிகரன் சிரித்தார். விஜியும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. விரல் மடித்துக் கல் எண்ணிக்கொண்டிருந்தாள்.